கம்பெனி போன பிறகு காருக்கு என்ன விலை?

கேள்வி: கருங்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். கார் வாங்க 7 லட்சம் வரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். பள்ளிக்குப் போய்வர தினமும் 24 கிலோமீட்டர். மாதத்தில் இரண்டு தடவை அப்பாவைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மார்த்தாண்டத்தில் ஒரு புரோக்கர் மூலம் 2019 ஃபோர்டு எக்கோஸ்போர்ட் டீசல் வந்திருக்கிறது. டைட்டானியம், மேனுவல் கியர், 64,000 கி.மீ. ஓடியது, ஒரே ஓனர், பாறசாலை பதிவு (கே.எல். 19). 7.60 லட்சம் கேட்கிறார்கள். "வாங்கும்போது ஆன்-ரோடு 11.60 லட்சம் ஆச்சு, இன்ஷூரன்ஸில் 7.40 லட்சம் போட்டிருக்கு. கம்பெனி மூடியாச்சு, இனி இந்த வண்டி கிட்டாது, விலை கூடத்தான் செய்யும்" என்கிறார் புரோக்கர். எங்கள் சித்தப்பாவோ தெரிந்தவரிடம் 2013 ஷெவர்லே க்ரூஸ் 2.40 லட்சத்துக்கு இருக்கிறது, பெரிய கார், அதையே எடு என்கிறார். புரோக்கர் அட்வான்ஸ் கேட்டு அவசரப்படுத்துகிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

சகோதரி, முதலில் அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். எக்கோஸ்போர்ட் நல்ல வண்டி. ஆனால் 7.60 லட்சம் அதற்கான விலை இல்லை. 5.25 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள் என்பது என் கருத்து. அந்தக் கணக்கைக் கீழே சொல்கிறேன். க்ரூஸ் உங்களுக்கு எந்த விலைக்கும் வேண்டாம்.

நான் இந்த மாவட்டத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர். வங்கிகளுக்குப் பழைய கார்களின் மதிப்பு அறிக்கையும் எழுதிக் கொடுக்கிறேன். விற்பனைக்காகக் கழுவி, பாலிஷ் போட்டு நிற்கும் காரைவிட, முன்பக்கம் நொறுங்கி வொர்க்ஷாப்பில் நிற்கும் காரைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கம்பெனி போய்விட்ட காருக்கு உண்மையில் என்ன விலை என்பது அந்த இடத்தில்தான் வெளியே வருகிறது. அதனால் புரோக்கர் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

அவர் சொன்ன 11.60 லட்சத்தில் சாலை வரி, முதல் வருட இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம், சீட் கவர் வரை எல்லாம் அடக்கம். அவையெல்லாம் 2019-லேயே செலவாகி முடிந்த பணம். அதில் எவ்வளவு சதவீதம் கழிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தாலே அவர் போட்ட கணக்குக்குள் நீங்கள் போய்விடுவீர்கள். பழைய காரின் விலையை அது புதிதாக இருந்தபோது போட்ட விலையிலிருந்து இறக்கிக்கொண்டு வரக்கூடாது. இன்று அதே பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும் என்பதிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

அந்த 'வேறு என்ன கிடைக்கும்' என்பது சமீபத்தில் நிறையவே மாறிவிட்டது. 2021, 2022-ல் சிப் தட்டுப்பாட்டால் புது வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய கார்களின் விலை அப்போது ஏறியது. பல விற்பனையாளர்களின் மனதில் அந்த விலைதான் இன்னும் நிற்கிறது. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆகிவிட்டது. நான்கு மீட்டருக்குள் நீளம், 1200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதம் இருந்தது. 1500 சி.சி.க்குள் டீசல் என்றால் 31 சதவீதம். அதாவது 129 ரூபாய்க்கு விற்ற பெட்ரோல் கார் 118 ரூபாய்க்கு வந்தது, ஏறக்குறைய எட்டரை சதவீத இறக்கம். டீசலில் கிட்டத்தட்ட 10 சதவீதம். பல சிறிய கார்களின் ஆரம்ப எக்ஸ்-ஷோரூம் விலை 6 லட்சத்துக்குக் கீழே வந்தது. புது வண்டி இவ்வளவு இறங்கும்போது பழைய வண்டியும் இறங்கித்தான் ஆகவேண்டும். இந்தப் பேச்சை புரோக்கர் தானாக எடுக்கமாட்டார், நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து இன்ஷூரன்ஸில் போட்டிருக்கும் 7.40 லட்சம். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். படித்தவர்களே ஏமாறும் இடம் இது. பாலிசியில் இருக்கும் ஐ.டி.வி. என்கிற தொகையை, அதாவது வண்டி முழுதாகப் போனால் கிடைக்கும் உச்சத் தொகையைப் பார்த்ததும், இன்ஷூரன்ஸ் கம்பெனியே வண்டியை மதிப்பிட்டுச் சான்று கொடுத்ததுபோல் தோன்றும். உண்மையில் அந்தத் தொகை வருவது இப்படி: கார் கம்பெனி அறிவித்திருக்கும் விற்பனை விலையிலிருந்து வண்டியின் வயதுக்கு ஏற்ப ஒரு நிலையான விகிதத்தில் கழிப்பார்கள். 6 மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. ஐந்து வருடம் தாண்டிவிட்டால் இந்த அட்டவணை கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி ஒத்துக்கொள்வதே தொகை. அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. தயாரிப்பு நிறுத்தப்பட்ட மாடல் என்றால், ஐந்து வருடம் ஆகாவிட்டாலும் அதேபோலப் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். காரணம் எளிது. கழிப்பதற்கு இன்றைய விற்பனை விலை என்று ஒன்று சந்தையில் இல்லையே!

இந்த வண்டி இரண்டு வகையிலும் அந்த விதிக்குள் வருகிறது. ஐந்து வயது தாண்டிவிட்டது, மாடலும் நின்றுவிட்டது. ஆக, 7.40 என்பது பாலிசி புதுப்பிக்கும்போது அந்த ஓனர் தேர்ந்தெடுத்த எண். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது ஒரு எல்லைக்குள் அதைக் கூட்டலாம், குறைக்கலாம். கொஞ்சம் பிரீமியம் அதிகமாகும், அவ்வளவுதான். விற்கும் எண்ணத்தோடு கூட்டி வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வயது வரை உள்ள அட்டவணையே பாதியைக் கழிக்கச் சொல்கிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இனி அந்த 'கிட்டாது, விலை கூடும்' பேச்சு. ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சனந்த் தொழிற்சாலை பிறகு டாட்டாவின் கைக்குப் போனது. நம் மறைமலைநகர் தொழிற்சாலையிலிருந்து 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. அறிவிப்பு வந்த அன்றே இந்தியாவில் ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஃபோர்டு காரின் மதிப்பிலும் ஒரு பகுதி போய்விட்டது. அந்த நஷ்டம் 2019-ல் ஷோரூமில் நம்பிக் காசு கொடுத்தவருடையது. பாவம், அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, எனக்கும் அவர்மேல் வருத்தம் உண்டு. ஆனால் இன்று 7.60 லட்சம் கொடுத்தால் அவருடைய நஷ்டத்தை அப்படியே நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள். நாளைக்கு நீங்கள் விற்கப்போகும்போது அதை வாங்கிக்கொள்ள இன்னொருவர் வரமாட்டார்.

கிடைக்காத பொருளுக்கு விலை கூடும் என்பது பழைய ரூபாய் நோட்டுக்குப் பொருந்தலாம். தினமும் ஓட்ட வேண்டிய காருக்குப் பொருந்தாது. அம்பாசிடரைக் காட்டிப் பேசுவார்கள். 2014-ல் உற்பத்தி நின்ற வண்டி அது. அழகாகப் பராமரித்த சில அம்பாசிடர்களுக்கு ஆசைப்பட்டு விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் மத்திய அரசின் விதிப்படி ஒரு கார் 'விண்டேஜ்' ஆவதற்கே 50 வயது தாண்ட வேண்டும், அடிப்படை அமைப்பில் பெரிய மாற்றமும் செய்திருக்கக்கூடாது. 2019 எக்கோஸ்போர்ட்டுக்கு அந்தக் கணக்கே வேண்டாம். ஃபோர்டின் பெரிய வண்டியான எண்டவரை வேண்டுமானால் ஓரளவு விதிவிலக்காகச் சொல்லலாம். அந்த அளவு, அந்த இழுவை, அந்த விலையில் மாற்று குறைவு என்பதால் அதற்கு இன்னும் ஆள் இருக்கிறது. எக்கோஸ்போர்ட்டுக்கு மாற்றாக டீசலிலேயே நெக்ஸான், வென்யூ, சோனெட் என்று வரிசையாக இருக்கின்றன.

'ஃபோர்டு திரும்ப வருது' என்றும் அடுத்த சந்திப்பில் சொல்வார். 2024 செப்டம்பரில் ஃபோர்டு மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காகப் பயன்படுத்த விரும்புவதாகத் தமிழ்நாடு அரசிடம் கடிதம் கொடுத்தது. பிறகு வந்த அறிவிப்பு அங்கே இன்ஜின் தயாரிப்பது பற்றியது. இரண்டிலுமே இங்கே கார் விற்கும் பேச்சு இல்லை. நம் ஊரில் வேலைவாய்ப்பு வந்தால் மகிழ்ச்சி. பாறசாலையில் நிற்கும் பழைய வண்டியின் விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சரி, நிறுத்தப்பட்ட கார் என்றாலே ஆபத்தா? இல்லை. இங்கே மூன்று வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாடல் நின்றுபோய் கம்பெனி இருப்பது ஒரு வகை. மாருதி ரிட்ஸ், ஃபோக்ஸ்வாகன் போலோ போல. அவற்றுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. பிராண்ட் போய் அதன் உறவுக் கம்பெனி இருப்பது இன்னொன்று. டாட்சன் 2022-ல் நின்றது, ஆனால் அந்த வண்டிகளை நிஸான் பார்த்துக்கொள்கிறது. டாட்சனின் ரெடி-கோவும் ரெனோ க்விட்டும் ஒரே அடித்தளத்தில் செய்தவை. ஃபியட் புன்டோ, லினியாவில் இருந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின்தான் ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா எல்லாவற்றிலும் ஓடியது. அதனால் ஃபியட்டின் இன்ஜின் வேலை தெரிந்த மெக்கானிக்குகளுக்கு இங்கே பஞ்சமில்லை, கதவும் லைட்டும்தான் தேடி அலைய வைக்கும். மூன்றாவது வகை, கம்பெனியே கார் விற்பதை விட்டுவிட்டு, கிட்டங்கியிலிருந்து உதிரிபாகம் மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பது. ஃபோர்டும் ஷெவர்லேயும் இதில் வரும்.

இந்த மூன்றாவது வகையில் ஒரு காரை நம்பி வாங்கலாமா என்பதை அந்த மாடல் எவ்வளவு விற்றது என்பதே தீர்மானிக்கிறது. எக்கோஸ்போர்ட் இங்கே நிறைய ஓடியது. மறைமலைநகரிலிருந்து வெளிநாடுகளுக்கும் போனது. அதன் 1.5 டீசல் இன்ஜின் ஃபிகோ, ஆஸ்பயர், ஃப்ரீஸ்டைல் எல்லாவற்றிலும் இருந்தது. அதனால் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் போன்றவற்றை வெளிக் கம்பெனிகளும் செய்கின்றன. இவற்றுக்குக் கவலை வேண்டாம்.

கவலை விபத்தில் வருகிறது. பானட், ஃபென்டர், ஹெட்லைட், ரேடியேட்டரைத் தாங்கும் முன் சட்டம், ஏர்பேக், ஏ.பி.எஸ். யூனிட், மின் இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் மாட்யூல், மீட்டர் போர்டு. இவை கம்பெனி வழியாக வந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் பிரித்து விற்கும் கடைகளில் தேட வேண்டும். வில்லுக்குறி பக்கம் நடந்த ஒரு சாதாரண மோதலில் அடிபட்ட நிறுத்தப்பட்ட மாடல் ஒன்றை நான் சர்வே செய்தேன். அடி பெரிதில்லை, வேலையும் பெரிதில்லை. ஒரு ஹெட்லைட்டும் அதன் பின்னால் இருக்கும் ஒரு பிராக்கெட்டும் வராமல் வாரக்கணக்கில் வண்டி ஷெட்டிலேயே நின்றது. அந்த நாட்களில் அந்த வீட்டுக்காரர் டாக்சிக்குக் கொடுத்த பணத்தை எந்தப் பாலிசியும் திருப்பிக் கொடுக்கவில்லை. உங்கள் அப்பாவை மாதம் இரண்டு தடவை திருவனந்தபுரம் கூட்டிப்போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு அந்த வண்டிதான் ஞாபகம் வந்தது. இந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் விலை குறைய வேண்டும்.

பணக் கணக்கும் இருக்கிறது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக், பேட்டரிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பாதிதான் தரும். உலோக பாகத்துக்கு, 5 முதல் 10 வயது வண்டி என்றால், 40 சதவீதம் கழிப்பார்கள். 12,000 ரூபாய் பம்பருக்கு 6,000 உங்கள் கையிலிருந்து. 20,000 ரூபாய் பானட்டுக்கு 8,000. இந்தக் கழிவே இல்லாத 'ஜீரோ டெப்' பாலிசியை 5 வருடம் தாண்டிய வண்டிக்குப் பல கம்பெனிகள் கொடுப்பதில்லை. இன்னொன்று, பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்', அதாவது பழுதுபார்ப்பதில் பயனில்லாத வண்டி என்று ஆகிவிடும். 5.25 லட்சம் ஐ.டி.வி. என்றால் 3.94 லட்சத்தில் கோடு விழுகிறது. இரண்டு ஏர்பேக் வெடித்து, டாஷ்போர்டும் மாட்யூலும் மாற்ற வேண்டி வந்தால் அந்தக் கோட்டை நெருங்குவது கஷ்டமே இல்லை. அதனால் நீங்கள் வாங்கினாலும், பிரீமியத்தில் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்க ஐ.டி.வி.யைக் குறைக்காதீர்கள். வாங்கிய விலையையே போடுங்கள்.

க்ரூஸை ஏன் ஒரேயடியாக வேண்டாம் என்றேன் என்பதற்கும் இதே காரணங்கள்தான், இன்னும் கடுமையாக. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 மே மாதம் அறிவித்து, அந்த வருடக் கடைசியோடு இந்தியாவில் ஷெவர்லே விற்பனையை நிறுத்தியது. ஹலோல் ஆலை எம்.ஜி.க்குப் போனது, தலேகான் ஆலை ஹூண்டாய்க்குப் போனது. டவேரா, பீட், ஸ்பார்க் எல்லாம் எண்ணிக்கையில் நிறைய விற்றதால் இன்றைக்கும் சாமான் தேடினால் கிடைக்கும். க்ரூஸ் அப்படி இல்லை. அது ஓட்ட அருமையான வண்டி, 2 லிட்டர் டீசலின் இழுவையைப் பற்றி இன்றும் ஆசையாகப் பேசுவார்கள். சித்தப்பா சொல்வதில் அந்த அளவு நியாயம் உண்டு. ஆனால் வாங்கும் விலைதான் 2.40 லட்சம். பழுதாகும் சாமான் என்னவோ புதிதில் பதினைந்து லட்சம் அளவில் விற்ற காரின் சாமான், அந்த விலைக்குத்தான் வரும், வந்தால். 2028-ல் 15 வருடம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கவும் வேண்டும். வீட்டில் இன்னொரு கார் இருப்பவர், வண்டியை நோண்டிப் பார்ப்பதில் ஆர்வமுள்ளவர் எடுக்கட்டும்.

இனி 5.25 எப்படி வந்தது என்று பார்ப்போம். உங்கள் பகுதியில் அதே 2019, அதே டீசல், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய, கம்பெனி இன்னும் இருக்கிற மூன்று கார்களைப் பாருங்கள். கேட்கும் விலையை விடுங்கள், பேசி முடியும் விலையைப் பாருங்கள். அது 7 லட்சம் பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி போனதற்காக அதில் 20 சதவீதம் கழிப்பது என் வழக்கம். நல்ல சர்வீஸ் வரலாறு இருந்தால் 15, இல்லாவிட்டால் 25. ஆக 5.60. இனி உடனடிச் செலவு. 64,000 கி.மீ. என்றால் முதல் செட் டயரின் ஆயுள் முடிந்திருக்கும் அல்லது முடியப் போகிறது, நான்குக்கு 25,000 வைக்கலாம். பேட்டரி மாற்றாமல் இருந்தால் அது ஒரு 6,000. அப்புறம் டைமிங் பெல்ட். இந்த டீசல் இன்ஜினில் இருப்பது பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் வயதானால் ரப்பர் ரப்பர்தான். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டி அவர் சொல்லும் தொகையையும் கழித்துக்கொள்ளுங்கள். எல்லாம் போக 5.25 பக்கம் வந்து நிற்கிறது. உங்கள் மூன்று வண்டிகளின் விலை வேறாக வந்தால் இதுவும் மாறும், முறை மட்டும் மாறாது.

இந்தக் கணக்கில் நான் இன்னும் சேர்க்காதது கே.எல். 19. கேரளப் பதிவு வண்டியை இங்கே வைத்து 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியே ஆகவேண்டும். களியக்காவிளை தாண்டி தினமும் போய்வருகிற ஊர் நம்முடையது, யாரும் கேட்பதில்லை என்று புரோக்கர் சொல்லலாம். கேட்கும் நாளில் அபராதம் உங்கள் பெயரில்தான் வரும். படிவம் 28-ல் பாறசாலை ஆபீஸில் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், படிவம் 27-ல் மார்த்தாண்டத்தில் புது எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும், வண்டியின் வயதுக்கு ஏற்ற வரியைத் தமிழ்நாட்டுக்குக் கட்ட வேண்டும். கேரளாவில் கட்டிய வரியில் மீதமுள்ள காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அந்தப் பணம் எப்போது கைக்கு வரும் என்று நம்பித் திட்டம் போட முடியாது. மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி. நகலைக் காட்டி வரி எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கேட்டு, அந்தத் தொகையை 5.25-லிருந்து கழியுங்கள். விற்பவர் என்.ஓ.சி. எடுத்துத் தந்தபிறகே முழுப் பணம் என்று பேசுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, பெயின்ட் பளபளப்பை விட்டுவிட்டு வண்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பொழியூர், கொல்லங்கோடு, நீரோடி என்று கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக்காற்றுதான் முதல் எதிரி. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஈரம் காய்வதில்லை. லிஃப்டில் ஏற்றச் சொல்லி, முன் சப்ஃபிரேம் (இன்ஜின் பக்கத்தைத் தாங்கும் அடிச்சட்டம்), பின் ஆக்சில் பிடிக்கும் இடம், பிரேக் குழாய்கள், சைலன்சர் இணைப்பு ஆகியவற்றை மெக்கானிக்கை விட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்படிந்த துரு பரவாயில்லை. செதில் செதிலாக உதிர்ந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சப்ஃபிரேம் போன்ற பாகங்கள்தான் நிறுத்தப்பட்ட வண்டிக்குக் கிடைப்பது கடினம்.

வெள்ளம் பார்த்த வண்டி வேறு விஷயம். 2018-ல் கேரளம், 2021 நவம்பரில் நம் மாவட்டம், 2023 டிசம்பரில் முதலில் சென்னையும் பிறகு நெல்லை, தூத்துக்குடியும். இவற்றில் மூழ்கிய வண்டிகள் பல ஊர் மாறி, கை மாறி ஓடுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், நுனியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தையும், ஃப்யூஸ் பெட்டியின் மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்கேனர் மாட்டி ஏர்பேக், ஏ.பி.எஸ்.ஸில் பழைய கோளாறு பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிலோமீட்டர் விஷயத்தில், டீசல் கார் வாங்கியவர் வருடத்துக்குப் பத்தாயிரம் அளவில்தான் ஓட்டினார் என்பது நடக்கக்கூடியதே, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. ஓனரையே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் வரலாறு வாங்கித் தரச் சொல்லுங்கள். ஸ்டியரிங், டிரைவர் சீட்டின் ஓரம், கிளட்ச் பெடல் ரப்பர் ஆகியவற்றின் தேய்மானம் மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதே சர்வீஸ் சென்டரில் இந்த மாடலுக்கு ஒரு ஹெட்லைட்டும் முன் பம்பரும் என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்றும் கேட்டுவிடுங்கள். நான் எழுதியதைவிட அந்தப் பதில் உங்களுக்கு உதவும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு டீசல் தேவையா? பள்ளிக்கூடமும் திருவனந்தபுரமும் சேர்த்து வருடத்துக்கு 8,000 கி.மீ. பக்கம் வரும். பெட்ரோல் கார் லிட்டருக்கு 14, டீசல் 18 தருகிறது என்று வைத்தால், இன்றைய விலையில் வருடத்துக்கு 16, 17 ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். பழைய டீசலில் ஒரு இன்ஜெக்டரோ டர்போவோ தகராறு செய்தால் சில வருடச் சேமிப்பு ஒரே பில்லில் போய்விடும். 7 லட்சம் கையில் இருக்கும்போது, மூன்று நான்கு வயதான, கம்பெனி உயிரோடு இருக்கிற, டி.என். 74 அல்லது 75 பதிவு பெட்ரோல் கார் ஒன்றையே நான் உங்களுக்குச் சொல்வேன். கொஞ்சம் சின்னதாக இருக்கலாம். அப்பா ஏறி இறங்க சீட் உயரம் முக்கியமென்றால், அவரையே கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்கள். எக்கோஸ்போர்ட் மேல்தான் மனம் இருக்கிறது, குறைந்தது ஆறேழு வருடம் வைத்து ஓட்டுவேன் என்றால் 5.25-லிருந்து அந்த வரியைக் கழித்த விலைக்கு எடுங்கள். இப்படிப்பட்ட வண்டியின் விலை ஆரம்பத்தில் சட்டென்று விழுந்து பிறகு மெதுவாகத்தான் இறங்கும், அதனால் மலிவாக வாங்கி நீண்ட நாள் ஓட்டுபவருக்கு இது லாபம். இரண்டு வருடத்தில் மாற்றும் எண்ணம் இருந்தால் வேண்டாம்.

பேச்சு முடிந்து அட்வான்ஸ் கொடுக்கும் நிலை வந்தால், ஆர்.சி.யில் பெயர் இருப்பவரை நேரில் பாருங்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் முன்பே கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு தன் பெயருக்கு மாற்றாமலேயே விற்கும் புரோக்கர்கள் உண்டு. பழைய வாகன வியாபாரம் செய்பவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது, அது இருக்கிறதா என்று கேளுங்கள். எம்-பரிவாஹன் செயலியில் கடன் பதிவு, ஓனர் வரிசை, இன்ஷூரன்ஸ் தேதி மூன்றும் தெரியும். கடன் முடிந்தும் வங்கியின் பெயர் நீங்காமல் இருந்தால் படிவம் 35 வேண்டும். நிலுவையில் இருக்கும் அபராதச் சலான்களையும் பார்த்துவிடுங்கள். கொடுக்கும் தொகைக்கு, "மெக்கானிக் சோதனையிலோ என்.ஓ.சி.யிலோ குறை இருந்தால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி ஓனரே கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். பணம் ஓனரின் வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

இன்ஷூரன்ஸை அவர் பெயரிலேயே முடியும்வரை ஓட்டலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு சட்டப்படி தானாக உங்களுக்கு வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு வேண்டுமென்றால், வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அவருக்கே உரியது. அந்தத் தள்ளுபடி அளவுக்கு மீதிக் காலத்துக்கு நீங்கள் வித்தியாசத் தொகை கட்ட வேண்டியிருக்கும், அதையும் விலை பேசும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.